களம் காலியாக இருந்த மூன்று நாள்

முருகலட்சுமி மதினி இறந்த அன்று ஊர் முழுக்க மிளகாயை அள்ளி வீட்டுக்குள் வைத்துவிட்டது. மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை. பங்குனி மாதம், காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. உடலைக் கிடத்தவும் பந்தல் போடவும் இடம் வேண்டுமென்று மதினியின் களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயை நாங்கள் அள்ளி மூட்டை கட்டினோம். அவ்வளவுதான். சாவுச் செய்தி தெற்குத் தெருவுக்குப் போய்ச் சேருமுன்பே களம் காலியாகக் கிடக்கிற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து அழ வந்த பெண்களில் நாலைந்து பேரின் சேலைத் தலைப்பில் மிளகாய் விதை ஒட்டியிருந்தது. அவர்களில் ஒருத்தியான சோணையம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, காதோடு, "மழைக்குத்தான் எடுத்துட்டாகன்னுல்ல நாங்களும் அள்ளுனோம்" என்றாள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மதினி இருந்திருந்தால் அவருக்கும் வந்திருக்கும்.

ஏன் அப்படி அள்ளினார்கள் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, அங்குள்ள பெரிய கண்மாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்கென்று தனியாக ஒரு கண்மாயும் அதற்கு மூன்று மடைகளும் உண்டு. நெல் அறுப்பு முடிந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். மேட்டுக் கொல்லைகளில் குண்டு மிளகாய் பழுத்து நிற்கும். வயக்காட்டில் கோடைப் பருத்தி போட்டிருப்பார்கள். மிளகாய்க்காரர்களுக்கு மாசியிலிருந்து சித்திரை வரை ஒரு பொட்டு மழை விழக்கூடாது. காய்கிற வத்தல் நனைந்தால் வெளுத்துச் சண்டாகிவிடும், சண்டு வத்தலை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டார். பருத்திக்காரர்களுக்கோ அதே நாட்களில் ஒரு மழையாவது வந்தாக வேண்டும். எனவே எங்கள் ஊரில் யாராவது "இந்தக் கோடை எப்படி இருக்கும்?" என்று கேட்டால், கேட்டவர் மிளகாயா பருத்தியா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

பார்க்காமல் பதில் சொன்ன ஒரே ஆள் மதினி. என் கணவர் நாகநாதனின் அக்கா. ஊரின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறரைக்கு அவருடைய குரல் வரும். "வணக்கம், களத்து முருகலட்சுமி பேசுறேன். இன்னைக்கு வெயில் முழுசா இருக்கு. பத்து மணிக்கு மேல மேகம் வரும், அது வேலையத்த மேகம், பயப்படாதீக. சாயங்காலம் அஞ்சுக்குள்ள குமிச்சு மூடிருங்க, பனி விழும்." இருபது வினாடிக்கு மேல் போகாது. பங்குனி ஒன்றாம் தேதி மட்டும் நாலு நிமிடம் பேசுவார். அது அந்தக் கோடை முழுவதற்குமான சேதி. அதை ஜனங்கள் பஞ்சாங்கம் கேட்பதுபோலச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்ததும் பாதிப்பேர் முகம் மலரும், பாதிப்பேர் முகம் தொங்கும்.

இந்த வித்தையை அவர் ஊரில் கற்கவில்லை. இராமேஸ்வரத்தில், ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் கற்றார். கல்யாணமாகி அங்கே போனவர், கணவரோடு சேர்ந்து லாட்ஜ் போர்வைகளை வெளுத்துக் கொடுக்கிற வேலையைப் பதினொரு வருடம் செய்தார். ஒரு நாளைக்கு நூற்றிருபது போர்வை. யாத்ரீகர்கள் கிளம்பிப் போய் அடுத்தவர்கள் வந்து படுப்பதற்குள் காய்ந்தாக வேண்டும். கொடியில் போர்வை கோபுரத்துப் பக்கமாக உப்பினால் தரைக்காற்று, நாலு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ரயில் ஸ்டேஷன் பக்கமாக உப்பினால் கடல்காற்று, தொட்டால் பிசுபிசுக்கும், பின்னாலேயே மழை இருக்கலாம். கணவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு மதினி ஊருக்குத் திரும்பி, தன் பங்குக்கு வந்த கொல்லையில் மிளகாய் போட்டார். அப்போதும் போர்வையை விடவில்லை. அந்த லாட்ஜில் கூட வேலை பார்த்த ஹமீது இன்னும் அதே மாடியில்தான் போர்வை காயப்போடுகிறார். காலையில் ஒரு தடவை, காற்று மாறினால் இன்னொரு தடவை, அவரிடமிருந்து போன் வரும்.

"ஏலே ஹமீது, எந்தப் பக்கம் உப்புது?"

"கோபுரம் பக்கம்தான்க்கா. இன்ஷா அல்லாஹ் இன்னைக்கு உங்க மிளகா சருகாயிரும்."

இவ்வளவுதான் எங்கள் ஊரின் வானிலை நிலையம். தொலைக்காட்சியில் சொல்வதையும் மதினி கேட்பார். போனிலும் மேகப்படம் பார்ப்பார். ஆனால் ஹமீது சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பார்.

ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் நம்புவது வேறொன்றை. மதினியின் களம் ஊருக்குக் கிழக்கே, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லார் கண்ணிலும் படும். குரல் என்ன சொன்னாலும், களத்தில் சிவப்பாக மிளகாய் விரிந்து கிடந்தால் வெயில். களம் காலியாக இருந்தால் மழை. தன்னுடைய மிளகாயை வைத்து யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்பது ஊரின் கணக்கு. குறிப்பாகத் தங்கசாமி மச்சானின் கணக்கு. அவர் மதினிக்கு அத்தை மகன், பருத்திக்காரர், எங்கள் கண்மாய் சங்கத்தின் தலைவர். "வாய்க்கு வெயில்ங்கிற வார்த்தையைத் தவிர வேற தெரியாது இவளுக்கு. மிளகாய்க்காரி வாயில மழை எப்புடி வரும்?" என்பார். "எனக்கு களம்தான் சாட்சி."

மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனி ஒன்றாம் தேதி மதினி சொன்ன சேதி இது: "பங்குனி முழுக்க வெயில். சித்திரை பத்துக்கு மேல ஒரு மழை உண்டு. அதுக்கு முன்னாடி மழையை நம்பி எதுவும் செய்யாதீக."

அந்த வருடம் கண்மாயில் நடுமடைக்கு மேலே இரண்டு முழம் தண்ணீர்தான் மிச்சம். அதைத் திறந்துவிட்டால் பருத்தி பிழைக்கும், ஆனால் ஊர் ஆடுமாடுகளுக்கு வைகாசியில் சேறுதான் இருக்கும். சங்கத்தில் கூடிப் பேசி, சித்திரை பத்து வரைக்கும் மடையைத் தொடுவதில்லை, மழை பெய்யும் என்று தெரிந்தால் மட்டும் முன்னதாகத் திறக்கலாம் என்று முடிவு செய்தார்கள். தங்கசாமி மச்சானின் பருத்தி அப்போதே வாட ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து, பஸ் நிற்கிற இடத்தில் நின்று, மதினியின் களத்தைப் பார்ப்பார். சிவப்பாக இருக்கும். துப்பிவிட்டுப் போவார்.

இந்த நேரத்தில்தான் மதினிக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது.

ஆசைக்குக் காரணம் பிள்ளையார். ஒவ்வொரு வருடமும் கோடை தொடங்கும்போது உப்பூருக்குப் போய், கூரை இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிற வெயிலுகந்த பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சித்திரை பத்து வரைக்கும் வெயிலை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார். அந்தப் பங்குனியில் பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டார். அந்த வழியாகப் போன தங்கசாமி மச்சான் தன் பைக்கை நிறுத்தி, "ஏத்திட்டுப் போறேன், மழை கேப்பேன்னு சத்தியம் பண்ணு" என்றிருக்கிறார்.

"உங்க வண்டியில ஏறுறதுக்கு நான் நடந்தே போறேன்."

"நடந்து போய்ச் சேரையில சித்திரை வந்துரும்."

அன்று சாயங்காலம் மதினி என்னிடம் வந்தார். எனக்கு இராமநாதபுரத்தில் அலுவலகம், பஸ் ஏறும் இடம் வரைக்கும் ஸ்கூட்டியில் போய் வருவேன். வண்டியைச் சுற்றி வந்து, மாட்டைப் பார்ப்பதுபோல அதன் கழுத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கவி, இது என்ன வயசுக்குள்ள பழகணும்?"

"வயசெல்லாம் கிடையாது மதினி."

"அம்பத்தி நாலு?"

"தாராளமா."

"யாருக்கும் தெரியக்கூடாது. நாகநாதனுக்குக்கூட. நான் விழுந்தா விழுகட்டும். விழுந்ததை அந்தத் தங்கசாமி பத்து வருசத்துக்குச் சொல்லிக்கிட்டுத் திரிவாரு, அதுதான் ஏலாது."

பெரிய வெள்ளியோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது. வண்டி பழகச் சமதரையாக இருக்கிற இடம் மதினியின் களம் ஒன்றுதான். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை எங்கள் ஊரில் நாய்கூடத் தெருவில் இருக்காது. அதற்குள் மிளகாயை அள்ளி, ஓட்டிப் பழகி, திரும்ப விரிக்க நேரம் போதாது. அதனால் மூன்று நாளைக்கும் சேர்த்து மிளகாயை மூட்டை கட்டி உள்ளே வைத்துவிடலாம் என்று மதினி முடிவு செய்தார். முக்கால்வாசி காய்ந்த மிளகாய், மூன்று நாள் கழித்துப் போட்டாலும் கெடாது. வெள்ளிக்கிழமை காலையில் இருவருமாகப் பதினாறு மூட்டைகளையும் வீட்டுக்குள் அடுக்கினோம்.

களம் காலியானது. இதை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கவலையெல்லாம் பிரேக் எந்தக் கை என்பதில் இருந்தது.

முதல் நாள் அவர் வண்டியின் மீது உட்கார்ந்து இரண்டு காலையும் படகுத் துடுப்பு மாதிரி தரையில் இழுத்துக்கொண்டே போனார். காலை மேலே வையுங்கள் என்றால், "வச்சா யாரு பிடிப்பா?" என்பார். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம், "பைய, பைய, எங்கப்பன்ல" என்று வண்டியைக் கெஞ்சுவார். களத்து மண்ணில் பல வருடத்து மிளகாய்த்தூள் கிடக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற அது கிளம்பி மூக்கில் ஏறும். அவர் தும்முவார், தும்மும்போது கை தானாக ஆக்சிலரேட்டரைத் திருகிவிடும், வண்டி துள்ளும், பின்னால் ஓடுகிற நானும் தும்முவேன். கடைசியில் இரண்டு பேரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டோம். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் திருட வந்தவர்கள் என்று கம்பெடுத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் கால்களை மேலே வைத்தார். களத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு, "இன்னொரு எட்டுச் சுத்து" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அன்று சாயங்காலம் தங்கசாமி மச்சான் வந்துவிட்டார். வண்டி கொட்டகைக்குள் இருந்தது, நல்லவேளை.

"என்ன லட்சுமி, களத்தைத் தொடைச்சு வச்சிருக்க?"

"சும்மாதான் மச்சான்."

"ரெண்டு நாளா சும்மா? இந்த வெயில்ல வத்தலை அள்ளி உள்ள வச்சுக்கிட்டு, சும்மாங்கிறே?"

"என் மிளகா, என் களம். எனக்குத் தோணுச்சு அள்ளுனேன். காலையில வெயில்னுதான சொன்னேன், கேக்கலையா?"

"கேட்டேன். வாய் வெயில்ங்குது, களம் மழைங்குது. நான் எதை எடுத்துக்கிறது?"

"வாயை எடுத்துக்கங்க."

"அப்ப எதுக்கு அள்ளுனேன்னு சொல்லு."

மதினி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அது... ஒரு இதுக்காக" என்றார்.

தங்கசாமி மச்சான் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். போகும்போது அவர் நடையே மாறியிருந்தது. அந்த "ஒரு இது" அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. முருகலட்சுமிக்கு மழை தெரிந்துவிட்டது, பருத்திக்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிடக்கூடாது என்று மறைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மிளகாய்க்காரர் களத்திலும் மிளகாய் இல்லை. மூட்டைகளையெல்லாம் வீடுகளிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் அடுக்கிவிட்டார்கள். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. நாங்கள் திருப்பத்தில் எப்படி இண்டிகேட்டர் போடுவது என்று பழகிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் மதியம், ஐந்தாவது சுற்றில், மதினி வண்டியைச் சட்டென்று நிறுத்தினார். மூக்குத் துணியை இறக்கினார்.

"கவி, அது என்ன சத்தம்?"

களத்தை ஒட்டி நடுமடை வாய்க்கால் போகிறது. இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது அழகான சத்தம்தான். ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

"மடையைத் திறந்துட்டாக."

"மழை வருதுன்னு யாரு சொன்னா மதினி?"

அவர் காலிக் களத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். "நான்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

கண்மாய் மடை அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நடந்தால் இருபது நிமிடம், அதற்குள் எவ்வளவு போகும் என்று தெரியாது. மழை இல்லாமல் அந்தத் தண்ணீரும் போய்விட்டால், வைகாசியில் ஒவ்வொரு மாடும் நாக்கைத் தொங்கப்போடும்போது ஊர் யாரைச் சொல்லும் என்று இருவருக்கும் தெரிந்தது. நான் வண்டியை வாங்கக் கை நீட்டினேன். அவர் இறங்கவில்லை.

"பின்னால ஏறு."

"மதினி, ரோட்டுல நீங்க இன்னும் ஓட்டல."

"இறங்கி ஏறுறதுக்குள்ள அரை வயக்காடு நனைஞ்சுரும். ஏறு கவி."

ஏறினேன். மதினியின் போன் வீட்டுக்குள் கிடந்தது, அதைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. அவர் களத்தைவிட்டு வெளியே வந்து, இண்டிகேட்டரைப் போட்டு, எதிரில் யாருமே இல்லாத ரோட்டில் வலது பக்கம் திரும்பினார். போட்ட இண்டிகேட்டரை அணைக்கவில்லை. கண்மாய்க் கரை வரைக்கும் அது கண்ணைச் சிமிட்டிக்கொண்டே வந்தது. தண்ணீர் பார்க்க வாய்க்கால் ஓரத்தில் நின்ற ஜனங்கள், முதலில் எங்களுக்கு வழி விட்டார்கள், பிறகுதான் ஓட்டுவது யார் என்று பார்த்தார்கள். சோணையம்மாள் தலையிலிருந்த புல்லுக்கட்டை அப்படியே கீழே போட்டாள். கரை மேலே ஏறுகிற இடத்தில் வண்டி திணறியபோது மதினி பழைய வழக்கப்படி இரண்டு காலையும் இறக்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தோம்.

மடையருகே தங்கசாமி மச்சானும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். தண்ணீர் திறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அரை முழம் இறங்கியிருந்தது. வண்டி அவர்களுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

"மச்சான், மடையை அடைங்க" என்றார் மதினி. "நான் மழைக்கு மிளகாயை எடுக்கல. வண்டி பழக எடுத்தேன்."

தங்கசாமி மச்சான் வண்டியைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் பார்த்தார், மதினியின் கழுத்தில் தொங்கிய மூக்குத் துணியைப் பார்த்தார்.

"வண்டி பழக."

"ஆமா."

"இந்த வயசுல."

"ஆமா. சிரிக்கிறதுன்னா சிரிச்சு முடிச்சிருங்க, அப்புறம் அடைங்க."

சிரித்தார்கள். வாய்க்காலில் நின்றவர்கள், கரையில் நின்றவர்கள், எல்லோருமாகச் சிரித்தார்கள். ஒருவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். மதினி வண்டியைவிட்டு இறங்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். பத்து வருடத்துக்கு வருமென்று பயந்ததை ஒரே தடவையில் வாங்கிக்கொள்கிறவர் போல இருந்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் தங்கசாமி மச்சான் அசையவில்லை.

"நல்ல கதை. ஆனா எனக்கு நீ மறைக்கிறேன்னுதான் படுது. மிளகாயை விரி, அடைக்கிறேன்."

"இப்பவேவா?"

"இப்பவே. என் கண்ணு முன்னால."

திரும்பியும் அவர்தான் ஓட்டினார். பின்னால் தங்கசாமி மச்சான் பைக்கில் வந்தார். "ஹாரன் அடி லட்சுமி, நாய் நிக்குது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாறு மூட்டைகளையும் இழுத்துவந்து கொட்டி, நானும் மதினியும் விரித்தோம். களம் மறுபடியும் சிவந்தது. தங்கசாமி மச்சான் ஒரு வத்தலை எடுத்து உடைத்துப் பார்த்தார். உள்ளே விதை கலகலத்தது. ஒரு வாரத்தில் விற்றுவிடக்கூடிய வத்தல். அதை மழையில் யாரும் விரிக்கமாட்டார்கள். போனை எடுத்துக் கரையில் நின்றவர்களிடம், "அடைங்கடா" என்றார். குரலில் பருத்தி வாடியிருந்தது.

அப்போது மணி மூன்று. மதினி அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார். "பாதி வயக்காடாவது நனைஞ்சிருக்கும்ல மச்சான்" என்றார்.

"முக்கா" என்றார் அவர், மோரைக் குடித்துவிட்டு.

மூன்றே முக்காலுக்குக் கிழக்கே ஒரு பக்கமாகக் கறுத்தது. மதினி நிமிர்ந்து பார்த்து, "வேலையத்த மேகம்" என்றார். நாலு மணிக்குக் காற்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. அவர் மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பதை நான் கவனித்தேன். பிறகு வீட்டுக்குள் ஓடினார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பன்னிரண்டே முக்காலிலிருந்து ஹமீதிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஹமீதின் குரல் களம் முழுக்கக் கேட்டது.

"அக்கா, எங்கன போனீக? மத்தியானத்துலேர்ந்து போர்வையெல்லாம் ஸ்டேஷன் பக்கம் உப்பிக்கிட்டுப் பறக்குது. இங்கன கொட்டுது இப்ப. நூறு போர்வையும் நனைஞ்சு போச்சு."

முதல் துளி மிளகாய் மேல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு பெரிய துளி.

அடுத்த ஐந்து நிமிடத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நானும் மதினியும் கையால், முறத்தால், சேலைத் தலைப்பால் அள்ளினோம். தங்கசாமி மச்சான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒரு மூட்டையின் வாயைப் பிடித்தார். மூன்று பேரால் என்ன ஆகும்? மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது பஸ் நிற்கிற பக்கமிருந்து சோணையம்மாள் ஒரு அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் பின்னால் அவள் மருமகள். பின்னால் தெற்குத் தெரு. மிளகாய்க்காரர்களும் பருத்திக்காரர்களும் கலந்து, கூடை, சாக்கு, தார்ப்பாய், குளிக்கிற வாளி என்று எது கையில் கிடைத்ததோ அதோடு வந்தார்கள். அன்று ஊரில் மழையில் கிடந்தது அந்த ஒரு களத்து மிளகாய் மட்டும்தான். மற்றவர்கள் மிளகாயெல்லாம் காலையிலேயே பத்திரமாக உள்ளே போய்விட்டது, மதினியின் காலிக் களத்தை நம்பி. அறுபது எழுபது பேர் குனிந்து அள்ளினார்கள். தண்ணீரில் மிதந்து வாய்க்காலுக்குப் போன மிளகாயைக்கூட விடாமல் வலைபோட்டு மீன் பிடிப்பதுபோலத் துண்டை விரித்துப் பிடித்தார்கள்.

நடுக்களத்தில் மதினி நிமிர்ந்து நின்றார். தலை, சேலை எல்லாம் தண்ணீர். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் சிரித்தார்.

"மூணு நாளு... மூணு நாளு உள்ள இருந்துச்சு கவி. பத்திரமா இருந்துச்சு."

இரண்டு மணி நேரம் பெய்தது. மறுநாள் காலையில் கண்மாய்க்குப் போய்ப் பார்த்தோம். இறங்கிய அரை முழமும் திரும்ப ஏறி, அதற்கு மேலும் ஒரு சாண் நின்றது. மடை திறந்தே இருந்திருந்தால் அவ்வளவும் வாய்க்கால் வழியாக ஓடியிருக்கும். பருத்தி இலை விரித்து நின்றது. ஊரில் ஒருவர் வத்தலும் கெடவில்லை. மதினியின் பதினாறு மூட்டையில் நாலு மூட்டை வெளுத்துச் சண்டாகியது. மீதியை ஆளுக்குக் கொஞ்சமாக வீடுகளுக்குக் கொண்டுபோய், அடுப்படியிலும் மச்சிலும் உலர்த்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் தும்மாத வீடு இல்லை.

ஊர் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்தான் வேடிக்கை. முருகலட்சுமிக்கு மழை வருவது தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். களத்தைக் காலி செய்து ஊர் மிளகாயைக் காப்பாற்றினாள். பருத்திக்கு வேண்டிய அளவு தண்ணீர் போகவிட்டாள். சரியான நேரத்தில் மடையை அடைக்கச் சொல்லி மழைத்தண்ணீரை நிறுத்தினாள். யாரும் கேள்வி கேட்கக்கூடாதென்று வண்டிக்கதை ஒன்றைக் கட்டினாள். இதைப் பரப்பியதே தங்கசாமி மச்சான்தான்.

"மச்சான், எனக்குத் தெரிஞ்சிருந்தா என் மிளகாயை நனைய விட்டிருப்பேனா?" என்று மதினி கேட்டார்.

"அதுதான் லட்சுமி உன் பெருந்தன்மை" என்றார் அவர்.

மதினி எத்தனையோ பேரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். போர்வையைப் பற்றிச் சொன்னார், ஏழு அழைப்புகளைக் காட்டினார். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் மழைக்கு மறுநாளைக்கு மறுநாள் காலை ஆறரைக்குக் குழுவில் அவர் குரல் வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது. "வணக்கம், களத்து முருகலட்சுமி பேசுறேன். இன்னைக்கு வெயில் முழுசா இருக்கு. ஹமீதுகிட்டக் கேட்டுட்டேன், கோபுரம் பக்கம்தான் உப்புது. நான் இன்னைக்கு மிளகாயை விரிக்கல, ஏன்னா மிளகா உங்க வீடுகள்ல இருக்கு, நானும் வீட்டுல இல்ல, உப்பூருக்குப் போறேன். மழைக்கில்ல. தயவு செஞ்சு எல்லாரும் விரிங்க."

ஒருவரும் விரிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு போனேன். பதினாலு கிலோமீட்டரும் அவரே ஓட்டினார். மழை கழுவிய ரோட்டில் புது வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் வேலிக்கருவை பச்சையாக நின்றது. ஒரு பஸ் எங்களை முந்தியது. கொஞ்ச தூரம் போனதும் அது ஒரு நிறுத்தத்தில் நிற்க, நாங்கள் அதை முந்தினோம். மதினி ஹாரனை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கோயிலில் பிள்ளையார் முன்னால் நின்று தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உடைக்காமல் பேசிக்கொண்டிருந்தார். வெயில் அவருக்கும் பிள்ளையாருக்கும் பொதுவாக விழுந்தது.

"என்ன மதினி கேட்டீங்க?" என்றேன் வெளியே வந்ததும்.

"எதுவும் கேக்கல. சண்டை போட்டேன். சித்திரை பத்துன்னுதான பேசினோம்னு." வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். "அப்புறம், பரவால்லன்னு சொல்லிட்டேன். ஏறு."